பிள்ளை மேதையா, பிள்ளையா? செஸ் வகுப்புக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் பதினாறு வருடமாகச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோர் குறைவு, பிள்ளையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள், படிக்கட்டில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்புவார்கள். ஒரே பதிலை எத்தனை தடவைதான் தட்டுவது? அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவரும் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

இரண்டு வயதில் எல்லா நாட்டுக் கொடியும் சொல்கிறாள். மேதைதானே?

நல்ல ஞாபகசக்தி. சந்தோஷப்படுங்கள், தாத்தா பாட்டிக்கு வீடியோ அனுப்புங்கள், அதோடு விடுங்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் பிராடிஜி, அதாவது மேதைக் குழந்தை, என்று சொல்வது வேறு: பத்து வயது ஆவதற்குள், கடினமான ஒரு துறையில், தேர்ச்சி பெற்ற பெரியவர் அளவுக்குச் செய்து காட்டும் பிள்ளை. கொடி சொல்வதும் தலைநகரம் சொல்வதும் எந்தப் பெரியவருக்கும் தொழில் இல்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக அதனிடம் போகிறதா, போனால் நாம் கற்றுத்தராத கேள்வியோடு திரும்பி வருகிறதா? இரண்டாவது வாரமே ஒரு பையன் கேட்டான்: "மிஸ், ராஜா ஒரு கட்டம்தானே போகணும், காஸ்லிங்ல மட்டும் எப்படி ரெண்டு கட்டம் போறாரு? அவரே போறாரா, ரூக் கூட்டிட்டுப் போகுதா?" ராஜாவும் ரூக் என்கிற யானைக்காயும் ஒரே தடவையில் நகரும் அந்த விதியை நாற்பது பிள்ளைகள் ஒப்பித்திருக்கிறார்கள். அது விசித்திரமான விதி என்று பட்டது அவன் ஒருவனுக்குத்தான்.

ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்குக் கொடுக்கும் புள்ளி, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-இலிருந்து 1400 ஆக ஏற்றிவிட்டார்கள். அதற்குக் கீழே பட்டியலே கிடையாது. ஆகவே "என் பிள்ளைக்கு 1430" என்று கேக் வெட்டியவர்களுக்கு வாழ்த்துகள், ஆனால் அது மாடிப்படியின் முதல் படி.

செஸ், கணக்கு, சங்கீதம் — எப்போதும் இந்த மூன்றில்தானே மேதைக் குழந்தைகள் வருகிறார்கள்? ஏன்?

மூன்றும் தமக்குள்ளேயே முடிந்துவிடும் உலகங்கள். 64 கட்டத்துக்குள் நடக்கும் எதையும் புரிந்துகொள்ள வாடகை கட்டியிருக்க வேண்டாம், சாவு பார்த்திருக்க வேண்டாம். எட்டு வயதில் நல்ல நாவல் எழுதியவர் யாரென்று யோசித்துப் பாருங்கள், பெயர் வராது. செஸ்ஸில் வரிசையாக வரும். பிரக்ஞானந்தா 10 வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர், 12 வயது 10 மாதத்தில் அதற்கும் மேலே, செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர். குகேஷ் 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். உலகிலேயே மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை வெறும் 17 நாளில் தவறவிட்டார். 2021-இல் அபிமன்யு மிஸ்ரா என்ற அமெரிக்கப் பையன் 12 வயது 4 மாதத்தில் அந்தச் சாதனையையும் தாண்டிவிட்டான்.

இந்தக் கணக்கை நாள் வரைக்கும் எண்ணுகிறோம் பாருங்கள், அதுவே கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு "இன்னும் 17 நாள்தான் இருக்கு" என்று யாராவது காலண்டரைக் காட்டுகிறார்கள் என்றால், காட்டுபவரின் வயது என்ன?

போர்டில் பெரிய மனுஷன் மாதிரி யோசிக்கிறான், வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை மாதிரி அடம். எது உண்மை?

இரண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் டோர்னமென்ட். என் மாணவன், எட்டு வயது. எதிரே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ரேட்டிங் 1700-க்கு மேல். மூன்று மணி நேர ஆட்டம். ரூக் எண்ட்கேம், அதாவது ராஜாவும் ரூக்கும் சில பான்களும் (சிப்பாய்களும்) மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம். அவரிடம் ஒரு பான் அதிகம் இருந்தும் இவன் பொறுமையாக ரூக்கைப் பின்னால் இருந்து விரட்டி விரட்டி, அவருக்கு நேரம் குறையும் வரை காத்திருந்து, கடைசியில் ஜெயித்தே விட்டான். அவர் எழுந்து கை கொடுத்தார், ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார், "தம்பி, நல்லா வருவே" என்றார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறான். டைனோசர் அழிப்பான் தொலைந்துவிட்டது. ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் காதிலேயே விழவில்லை. ஆர்பிட்டரும் (போட்டி நடுவர்) நானும் அவன் அப்பாவும் பந்தி மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை. சமோசா வாங்கிக் கொடுத்ததும் சரியானான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பல வயது. கணக்குக்கு முப்பது வயது, படிப்பதற்குப் பதினான்கு, தோல்வியைத் தாங்குவதற்கு எட்டு, தூக்கம் வந்தால் மூன்று. முப்பது வயதுக்காரனுக்கு வேண்டிய தீனியைப் போட நான் இருக்கிறேன், புத்தகம் இருக்கிறது, இணையம் இருக்கிறது. மூன்று வயதுக்காரனை யார் கவனிப்பது? பெற்றோர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "இவ்வளவு புத்திசாலி, இதுகூடப் புரியலையா உனக்கு?" என்ற ஒரு வாக்கியம், எந்தப் பிள்ளைக்கும் சொல்லக்கூடாதது, இவர்களுக்குத்தான் அதிகம் சொல்லப்படுகிறது.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா?

பள்ளியில் ஏதாவது பிரச்சினை, காரணம் தெரியவேண்டும் என்றால் தகுதியான உளவியலாளரிடம் எடுங்கள். ஸ்டேட்டஸில் போடுவதற்கென்றால் வேண்டாம். 1921-இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அதிக ஐ.க்யூ. உள்ள 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள், ஆனால் நோபல் பரிசு ஒருவருக்கும் இல்லை. மதிப்பெண் போதாது என்று அந்தத் தேர்வில் கழித்துவிடப்பட்டவர்களில் இருவர் பின்னால் இயற்பியலுக்கு நோபல் வாங்கினார்கள்: வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ்.

வகுப்பைத் தாண்டிப் போடலாமா? இரண்டாம் வகுப்பு அவளுக்குப் போரடிக்கிறது.

போரடிப்பதும் கஷ்டம்தான், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தெரிந்ததையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்காரும் பிள்ளை ஒன்று சேட்டை செய்யும், இல்லை அப்படியே அடங்கிப் போகும். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே தாவலாகத் தாவவேண்டும் என்று யார் சொன்னது?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975-இல் பிறந்த டெரன்ஸ் டாவின் கதை எனக்குப் பிடித்தது. மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். பாடம் வந்தது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது வரவில்லை. அவருடைய பெற்றோர் கௌரவம் பார்க்காமல் சில வாரத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அப்புறம் வயதுக்கு ஏற்ற பள்ளி, ஆனால் எட்டு வயது நிரம்பும் முன்பே கணக்குக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வேகம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1986-இல் வெண்கலம், அடுத்த வருடம் வெள்ளி, அதற்கடுத்த வருடம் 13 வயதில் தங்கம். 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். பதக்கங்களை விட, மூன்றரை வயதில் "சரி, இது ஒத்துவரலை" என்று திரும்ப அழைத்துக்கொண்ட அந்த முடிவுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அட்மிஷன் ஃபீஸ் கட்டிய நம்மூர் அப்பா ஒருவர் அப்படிச் செய்வாரா, சொல்லுங்கள்.

நம் ஊரில் அப்படிப் பாதிநாள் ஏற்பாடு கிடைப்பது கஷ்டம். திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் போனாலும் பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஆக, அவசரப்பட்டு எங்கே போய்ச் சேரப்போகிறீர்கள்? வகுப்பாசிரியரிடம் போய், கணக்கு நேரத்தில் மட்டும் வேறு புத்தகம் படிக்க விடுங்கள் என்று கேளுங்கள். பத்தில் நாலு பேர் ஒத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

குகேஷ் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத்தானே உலக சாம்பியன் ஆனார்?

நாலாம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, உண்மைதான். அப்பா காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன். நானும் அன்று அழுதேன்.

ஆனால் நமக்குத் தெரிவது ஜெயித்த வீட்டின் கதை மட்டும்தான். அதே மாதிரி நிறுத்திவிட்டு, 2200 ரேட்டிங்கில் நின்றுபோய், பத்தொன்பது வயதில் பத்தாம் வகுப்பு எழுத உட்கார்ந்த பிள்ளை பேட்டி கொடுப்பதில்லை. இன்னொன்று, குகேஷ் பள்ளிக்குப் போவதைக் குறைத்தபோது அவர் எந்த உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தார், உங்கள் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள் என்று நிதானமாகப் பாருங்கள். மாவட்ட அளவில் மூன்றாம் பரிசு வாங்கிய பிள்ளைக்குப் பள்ளியை நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

குகேஷ் தொடங்கியது பள்ளி முடிந்த பிறகு, வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம். ஆர்வம் தாங்காமல் மற்றது வளர்ந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் ஒரு மணிக்கு மேல் வகுப்பு எடுப்பதில்லை. அதற்கு மேல் பிள்ளை தானாக ஆடினால் ஆடட்டும். "சாப்பிட வா" என்று நீங்கள் கூப்பிட வேண்டியிருந்தால் நல்லது. "உட்கார்" என்று கூப்பிட வேண்டியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தோற்றால் தாங்கமாட்டேன் என்கிறான்.

மண்டபத்து வாசலில் நிற்கும் பெற்றோரைக் கவனித்திருக்கிறேன். பேப்பர் விரித்து, ஃப்ளாஸ்க்கும் டிஃபன் டப்பாவுமாக நாள் முழுக்கக் காத்திருப்பார்கள், பாவம். பிள்ளை கதவைத் திறந்து வெளியே வந்ததும் முதல் கேள்வி: "ஜெயிச்சியா?" சிலர் அதுவும் கேட்பதில்லை, புருவத்தை மட்டும் தூக்குவார்கள். பிள்ளை அந்தப் புருவத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறது.

பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அடுப்பும் பாத்திரமும் எடுத்துப்போய் ரசம் சாதம் செய்து போடுவார். 2023-இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் அவர் ஒரு ஓரமாக நின்று மகனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இறுதிப் போட்டியில் மகன் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனிடம் தோற்றார். தோற்ற பிறகும் ரசம் அதே ரசமாகத்தான் இருந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் சாப்பாடு. ஆட்டத்தைப் பற்றி அன்றைக்குப் பேசவே வேண்டாம், அவனே ஆரம்பித்தால் தவிர.

நண்பர்களே இல்லை. அவனோடு பேச அவன் வயதில் ஆள் இல்லை.

இது புதுப் பிரச்சினை இல்லை. எட்டயபுரத்தில் 11 வயதில் "பாரதி" பட்டம் வாங்கிய சுப்பிரமணியன், பின்னால் தன் வாழ்க்கையைப் பற்றிப் பாடும்போது பட்டத்தைக் கொண்டாடவில்லை. பத்து வயதில் மற்ற பிள்ளைகள் ஆடி ஓடி மரமேறித் திரிந்தபோது, அப்பாவுக்குப் பயந்து வீதி ஆட்டத்தில் சேராமல், நூல்களோடு தனியாக, தோழமை இல்லாமல் வருந்தியதைத்தான் சொல்கிறார். பாரதியை நாம் கொண்டாடுகிறோம், அவர் இழந்ததாகச் சொன்னதைப் பற்றி எந்த ஆண்டு விழாவிலும் பேச்சில்லை.

பேச ஒரு ஆள், விளையாட ஒரு ஆள், இருவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டியதில்லை. எண்ட்கேம் பேச அவனுக்குப் பதினாறு வயது அக்கா கிடைக்கலாம். ஓடிப்பிடித்து விளையாட எதிர்வீட்டுப் பையன் போதும், அவனுக்கு செஸ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது.

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு, கேட்கவேண்டியவர்கள் நிறைய. தங்கையின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை அண்ணனின் டோர்னமென்ட் தேதி பார்த்துத் தள்ளி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ஒரே வீட்டில் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள், முதலில் ஆடத் தொடங்கியது அக்காதான். அப்படி எல்லா வீட்டிலும் அமையாது. அமையாத வீட்டில் வாரத்தில் ஒரு நாளாவது செஸ் என்ற பேச்சே இல்லாத சாப்பாடு சாப்பிடுங்கள்.

டிவியில் கூப்பிடுகிறார்கள். யூட்யூப் சேனலும் தொடங்கலாமா?

டிவி, சினிமா நிகழ்ச்சி என்றால் சட்டம் இருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வாங்கியாக வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போகவேண்டும். வீட்டில் அப்பா எடுக்கும் வீடியோவுக்கு யார் வந்து மணி பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் எனக்கு அதுதான் அதிகம் பயம்.

வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் என்று ஒருவர். 1909-இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். அடுத்த ஜனவரியில் பேராசிரியர்களுக்கு முன்னால் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி உரை நிகழ்த்தினார், பத்திரிகைகள் மொய்த்தன. அவர் அப்பா போரிஸ் உளவியலாளர். தன் வளர்ப்பு முறைக்கு மகனையே சாட்சியாக உலகத்துக்குக் காட்டியவர். பெரியவனானதும் சிடிஸ் கணக்கை விட்டு விலகி, சாதாரண குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டார். டிராம் வண்டி மாற்று டிக்கெட்டுகளைச் சேகரிப்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு, அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1937-இல் ஒரு பிரபல வாரப் பத்திரிகை அவரைத் தேடிப் பிடித்து, அந்த மேதை இப்போது என்ன ஆனான் பாருங்கள் என்கிற தொனியில் கட்டுரை போட்டது. என்னை விட்டுவிடுங்கள் என்று வழக்குப் போட்டார். சின்ன வயதிலேயே நீங்கள் பொதுமனிதர் ஆகிவிட்டீர்கள் என்கிற ரீதியில் 1940-இல் நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. 1944-இல் 46 வயதில் இறந்தார்.

இதை "மேதை வீணாய்ப்போனான்" என்ற கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிராம் டிக்கெட் சேர்ப்பதில் ஒருவருக்கு நிம்மதி இருந்தால் அதில் வீண் என்ன? 11 வயதில் அவர் கேட்காமலே எடுக்கப்பட்ட படம், 39 வயதில் வந்து கதவைத் தட்டியதுதான் கொடுமை. சேனல் தொடங்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

போதும், நிறுத்திக்கொள்கிறேன் என்கிறாள். இத்தனை செலவு செய்த பிறகா?

இங்கே என் தப்பையும் சொல்லவேண்டும். ஒன்பது வயதில் அபாரமாக ஆடிய பெண் ஒருத்தி, பதினொன்றில் வேண்டாம் என்றாள். பெற்றோர் விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார்கள், நான்தான் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் பேசி, இன்னும் ஒரே ஒரு மாநிலப் போட்டி என்று கரைத்தேன். ஆடினாள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் வயிற்றுவலி. நாலாவது சுற்றில் ஜெயிக்கும் நிலையில் டிரா கேட்டு எழுந்து வந்துவிட்டாள். எனக்குப் பிறகுதான் புரிந்தது, ஆட்டத்தை அவள் ரசித்தாள், அந்த அமைதியான ஹாலில் எல்லோரும் தன்னையே பார்ப்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போது கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறாள், லிஃப்டில் பார்த்தால் சிரிப்பாள், செஸ் பேச்சு எடுக்கமாட்டாள்.

நிறுத்துகிறேன் என்றால் மூன்று மாதம் நிறுத்துங்கள், உண்மையாகவே. போர்டைப் பரண்மேல் போடாதீர்கள், கண்முன்னே வைத்துக் குத்திக்காட்டவும் வேண்டாம். போட்டிக்கு முன்னால் தொடர்ந்து வயிற்றுவலி, தூக்கமின்மை, நகம் கடித்து ரத்தம் வருவது என்றிருந்தால் என்னிடம் கேட்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் டோர்னமென்ட். என்ன எடுத்துப் போகவேண்டும்?

இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில், தயிர்சாதம், ஏசி ஹாலில் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர். மறக்காமல் ஒரு ரப்பர் பந்து. சுற்றுகளுக்கு நடுவே மண்டபத்து கார் நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், பெரும்பாலும் யாரிடமும் பந்து இருக்காது. எடுத்துப் போகிற பிள்ளைக்கு முதல் பேட்டிங்.